வேகத்தின் வம்சாவளி: எம்.ஜி. பந்தய வண்டிகளின் சரித்திரம் பற்றி ஒரு நோக்கு

இயந்திரங்களின் சரித்திரத்தை விமர்சனத்துக்கு அப்பாற்பட்ட பொருளாகக் கருதும் வழக்கம் நம்மிடையே வெகுகாலமாக உண்டு. கவிதையையும் நாவலையும் சமுதாயப் பார்வையோடு ஆராயத் துணிந்த நாம், ஒரு மோட்டார் வண்டியின் சரித்திரம் எவ்வாறு எழுதப்படுகிறது, அது யாரை நாயகனாக்குகிறது, யாரை அரங்குக்கு வெளியே நிறுத்திவிடுகிறது என்று கேட்டதில்லை. ஆங்கிலத்திலோ அத்தகைய சரித்திர நூல்கள் ஒரு தனி இலக்கிய வகையாகவே தழைத்துவிட்டன. அவற்றுக்கென ஒரு காவிய மரபும் அமைந்துவிட்டது. எளிய பிறப்பு, இளமையில் வீரச் செயல்கள், பொறாமை கொண்ட எசமானரால் நேர்ந்த வனவாசம், மீட்சி, வீழ்ச்சி, பின்னர் ஒரு மறுபிறப்பு என்ற அடைவில் அவை செல்கின்றன. நாயகன் மட்டும் மனிதன் அல்லன். நான்கு சில்லுள்ள ஒரு வண்டி.

இவ்வகை நூல்களுள் முன்னோடியாக மதிக்கப்படுவது ஜோன் தோர்ன்லி என்பார் 1950 இல் வெளியிட்ட 'மெயின்டெயினிங் த பிரீட்' என்பதாகும். எம்.ஜி. பந்தய வண்டிகளின் வீரகதை அது. (எம்.ஜி. என்ற ஈரெழுத்தைக் கண்டதும் நம் வாசகருட் பலருக்குக் கண்டிச் சீமையில் பிறந்த திரை நாயகர் ஒருவரே நினைவுக்கு வருவார். அவரைப் பற்றி எழுதுவதற்கு வேறு பலர் இருக்கின்றனர்.) தோர்ன்லி வெளியாள் அல்லர். எம்.ஜி. வண்டி வைத்திருந்தோரின் கழகத்துக்குத் தொடக்க காலச் செயலாளராக இருந்து, தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, 1952 இல் அதன் தலைமைப் பொறுப்புக்கே உயர்ந்தவர். ஆதலால் அந்நூலுக்குப் பின்னால் அறிவும் உண்டு, பரிவும் உண்டு. ஆனால் தலைப்பை வாசகர் சற்றே கவனிக்கவேண்டும். 'வம்சத்தைப் பேணல்' என்று அதனைத் தமிழாக்கலாம். குதிரை வளர்க்கும் பிரபுக்களின் சொல் அது. குதிரைக்கு வம்சாவளி எழுதுவோர் அதன் தந்தை யார், தாய் யார், எந்தப் பந்தயத்தில் வென்றது என்றெல்லாம் எழுதுவர். லாயம் பெருக்கியவன் பெயரை எழுதுவதில்லை. லாயத்துக்கும் லயத்துக்கும் இடையே ஒரு துணைக்கால்தான் வித்தியாசம் என்பதை மலையகத்தார்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்தச் சரித்திரத்தை ஊவா மலைகளிலிருந்து வாசிப்பதற்கு நமக்கு ஒரு நியாயம் இருக்கிறது. வேகமான சிறு வண்டி என்பது பிரித்தானிய மத்தியதர வர்க்கத்தின் கனவாக உருப்பெற்ற அதே காலத்தில், அவ்வர்க்கத்தின் பிள்ளைகள் பலர் பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் துரைமாராகவும் சின்னத்துரைமாராகவும் இருந்தனர். கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் நம் மூதாதையர் வெட்டிய மலைப்பாதைகளில் அவர்கள் வண்டி ஓட்டினர். ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான கதை அன்று. நாம் அதன் ஓரத்தில் நின்றிருக்கிறோம்.

கதையின் தொடக்கம் ஒக்ஸ்போர்ட் நகரிலே. சைக்கிள் திருத்திப் பிழைத்த வில்லியம் மொறிஸ் என்பவர் 1913 இல் மோட்டார் வண்டி செய்யத் தொடங்கினார். அவருடைய விற்பனை நிலையமே 'மொறிஸ் கராஜஸ்'. 1921 இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த சிசில் கிம்பர் அடுத்த ஆண்டே அதன் மேலாளரானார். மொறிஸ் செய்த சாதாரண வண்டிகளின் அடிச்சட்டத்தின்மீது அழகிய உடல்களைப் பொருத்தி, என்ஜினைச் சற்றே செப்பனிட்டு, கூடுதல் விலைக்கு விற்கும் தந்திரம் அவருடையது. கராஜின் ஆங்கில முதலெழுத்துக்களே எண்கோணச் சின்னத்துக்குள் புகுந்து பெயராயின. 1924 ஆம் ஆண்டையே எம்.ஜி.யின் பிறந்த ஆண்டாகப் பெரும்பாலார் கொள்கின்றனர். கிம்பர் 1925 இல் லண்ட்ஸ் எண்ட் ஓட்டப் பரீட்சையில் தாமே செலுத்திப் பொற்பதக்கம் பெற்ற வண்டியைத்தான் 'முதலாம் இலக்கம்' என்று பின்னாளில் விளம்பரப்படுத்தினர். அதற்கு முன்னரே பல எம்.ஜி. வண்டிகள் விற்பனையாகிவிட்டன. முதல் வண்டி பந்தய வண்டியாக இருந்தாற்றான் வம்சாவளி சிறக்கும் என்பது விளம்பரகாரரின் கணக்கு. 1924 நமக்கும் ஒரு குறிப்பிடத்தக்க ஆண்டே. கொழும்பிலிருந்து மலையேறி வந்த இருப்புப்பாதை பதுளையைச் சென்று முட்டியது அவ்வாண்டிற்றான். ஊவாவின் தேயிலைப் பெட்டி துறைமுகத்துக்கு இறங்க அதன்பின் தடையேதும் இருக்கவில்லை.

எம்.ஜி.யை எம்.ஜி. ஆக்கிய வண்டி 1928 இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வைக்கப்பட்ட எம்-வகை 'மிட்ஜெட்' ஆகும். இதன் உடற்கூற்றை ஆராய்ந்தால் ஓர் உண்மை வெளிப்படும். அடிச்சட்டம், அச்சு, சில்லு யாவும் அவ்வாண்டு வெளிவந்த மொறிஸ் மைனர் என்ற மலிவு வண்டியினுடையவை. 847 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள என்ஜின் வூல்ஸ்லி ஸ்தாபனத்தின் படைப்பு. அடைப்பிதழ்களை இயக்கும் தண்டு என்ஜினின் தலைமீதே சுழலும் அந்த நுட்பத்தை வூல்ஸ்லி ஸ்தாபனத்தார் கற்றது முதலாம் உலக யுத்தத்தின்போது இஸ்பானோ-சுயிசா விமான என்ஜின்களை உரிமம் பெற்றுச் செய்தபோதுதான். அதாவது, பிரெஞ்சு வானில் மனிதரைக் கொல்வதற்காகப் பயின்ற நுட்பம் ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்குப் பயன்பட்டது. உடலோ மரச்சட்டத்தின்மீது ஒட்டுப்பலகை தைத்து அதன்மேல் துணி போர்த்தியது. கொவென்ட்ரியிலிருந்து வந்த அவ்வுடல் ஒன்றுக்குக் கிம்பர் கொடுத்த விலை ஆறரைப் பவுண். முழு வண்டியின் விற்பனை விலை 175 பவுண்.

இங்கே நம் தோழர்களுட் சிலர் அவசரப்படுவதுண்டு. பந்தய வண்டி என்பது செல்வரின் விளையாட்டுப் பொம்மை, அதைப்பற்றி முற்போக்கு ஏடொன்று எழுதுவானேன் என்பர். இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. மிட்ஜெட்டுக்கு முன்னர் வேகம் என்பது பென்ட்லி வாங்கக்கூடிய பிரபுவுக்கே உரியதாயிருந்தது. அதைக் கந்தோர் எழுதுவினைஞனும் எட்டிப் பார்க்கக்கூடிய விலைக்கு இறக்கியது கிம்பரின் சாதனையே. வாரம் மூன்று பவுண் கூலி பெற்ற ஒரு பிரித்தானியத் தொழிலாளிக்கு அது 58 வாரக் கூலி. பெருந்தொகைதான், எனினும் கனவு காணக்கூடிய தொகை. சரித்திர நூல்கள் இதனை 'வேகத்தின் சனநாயகம்' என்ற பொருள்படப் போற்றுவதில் ஓரளவு உண்மை இருக்கிறது.

ஆனால் அந்தச் சனநாயகத்தின் எல்லை எது? 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ், 1929 இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி 54 சதம் எனவும் பெண்ணுக்கு 43 சதம் எனவும் விதிக்கப்பட்டது. ரூபாய்க்கு ஒரு சிலினும் ஆறு பென்சும் என்ற அன்றைய மாற்று விலையில் 175 பவுண் என்பது ஏறத்தாழ 2,333 ரூபாய். கப்பற் கூலியும் தீர்வையும் இதில் அடங்கவில்லை. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண் தொழிலாளி ஒருவன் 4,320 நாட்கள், ஆண்டுக்கு 300 நாள் பெயர் விழுந்தாலும் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல், ஒரு பருக்கையும் உண்ணாது உழைக்கவேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பதினெட்டு ஆண்டுகள். உலகின் மிக மலிவான பந்தய வண்டியைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை மறந்துவிடலாகாது. அதே உலகப் பொருளாதாரத்தில், அதே சாம்ராச்சியத்தில், அதே நாணயத் தொடர்பில் வாழ்ந்த இரு தொழிலாளரை இந்தக் கணக்கு பக்கத்திற் பக்கமாக நிறுத்துகிறது. பின்னர் வந்த பொருளாதார மந்தத்தில் அந்த 54 சதத்திலும் கைவைத்தனர்.

மந்தம் உலகை வாட்டிய அந்த ஆண்டுகளே எம்.ஜி.யின் பொற்காலம் என்பது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று. 1929 இல் தொழிற்சாலை அபிங்டன் என்ற சிற்றூரில், தோல் பதனிடும் ஆலையொன்றுக்குரிய கட்டடத்துக்கு மாறிற்று. 1931 பெப்ரவரியில் ஜோர்ஜ் ஐஸ்டன் பிரான்சின் மொன்லெரி வளைதளத்தில் 750 கன சென்ரிமீற்றர் வகுப்பு வண்டியொன்றை மணிக்கு 103 மைல் வேகத்துக்கு மேல் செலுத்தினார். அவ்வளவு சிறிய என்ஜின் நூறு மைலைக் கடந்தது அதுவே முதன்முறை. அவ்வாண்டே 'டபிள் டுவெல்வ்' என்ற இருநாட் போட்டியில் முதல் ஐந்து இடங்களும், அயர்லாந்து கிராண்ட் பிறியும், அல்ஸ்டர் டூரிஸ்ட் ட்ரொபியும் சி-வகை மிட்ஜெட்டுக்குக் கிடைத்தன. சிறிய என்ஜினுக்குச் சலுகை தரும் கணக்கீட்டு முறை இவ்வெற்றிகளுக்குத் துணை நின்றது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அடுத்துப் பிறந்தது கே-3. ஆறு உருளை, 1,087 கன சென்ரிமீற்றர். காற்றையும் எரிபொருளையும் என்ஜினுக்குள் வலிந்து திணிக்கும் சூப்பர்சார்ஜர் அதன் மூக்கின் முன்னே துருத்திக்கொண்டிருக்கும். மொத்தம் 33 வண்டிகளே செய்யப்பட்டன. 1933 இல் இத்தாலியின் ஆயிரம் மைல் போட்டியான மில்லெ மிலியாவில் அதன் வகுப்பில் முதலிடமும், இத்தாலியர் அல்லாத எவரும் அதுவரை பெறாத அணிப் பரிசும் இவ்வண்டிகள் பெற்றன. அவ்வாண்டு செப்தெம்பரில் இத்தாலியப் பெருவீரர் நுவொலாரி அல்ஸ்டரில் கே-3 ஒன்றைச் செலுத்தி வென்றார்.

இயந்திரம் என்ற வகையில் கே-3 போற்றத்தக்க படைப்பே. இயந்திரத்தை வெறுப்பது முற்போக்கு ஆகாது. ஒரு லீற்றரைச் சற்றே கடந்த கொள்ளளவிலிருந்து நூறு குதிரை வலுவுக்கு மேல் கறந்தெடுத்த கைகளின் திறமையைக் கண்டு நாம் மகிழத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கைகள் யாருடையவை? முப்பத்துமூன்று வண்டிகளுக்கும் சட்ட இலக்கம் தவறாது ஒவ்வொன்றும் எவரெவரிடம் கைமாறிற்று, எந்தப் போட்டியில் எந்த நிறம் பூசப்பட்டிருந்தது என்பதை எழுதிவைத்திருக்கின்றனர். அதைப் பொருத்தியவர் யார் என்பது பெரும்பாலும் எழுதப்படவில்லை.

அந்நாட் பந்தய வண்டியில் இருவர் செல்வர். ஒருவர் சாரதி, மற்றவர், தொழிற்சாலை அனுப்பிய மெக்கானிக். பம்பை இயக்குவதும் மானிகளைக் கவனிப்பதும் பின்னால் வருபவரைச் சொல்வதும் அவர் வேலை. அல்ஸ்டரில் நுவொலாரியின் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் அபிங்டன் தொழிலாளியான அலெக் ஹவுன்ஸ்லோ. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. வெற்றிக் கிண்ணம் ஒருவர் பெயருக்கே எழுதப்பட்டது.

ஹவுன்ஸ்லோ உயிரோடு திரும்பினார். 1934 மே மாதத்தில் பிராங் டெய்லர் திரும்பவில்லை. அவரும் அபிங்டன் மெக்கானிக்கே. மான் தீவிற் பந்தயத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர், கே டொன் என்ற புகழ்பெற்ற சாரதி இரவு வேளையில், பந்தயத்திற்கென மூடப்படாத பொதுப்பாதையில் கே-3 வண்டியைப் பரீட்சிக்க எடுத்துச் சென்றார். டெய்லரும் உடன் சென்றார். எதிரே வந்த காருடன் மோதி வண்டி புரண்டது; டெய்லர் இறந்தார். கே டொன் மனிதக்கொலைக் குற்றவாளியெனக் காணப்பட்டு நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அந்த நாட்களில் எம்.ஜி. விளம்பரங்கள் யாவற்றிலும் ஒரு வாசகம் இருக்கும்: 'சேஃப்டி பாஸ்ட்'. 'பாதுகாப்பே முதல்' என்ற எச்சரிக்கையில் ஒரு சொல்லைத் திருத்தி, 'பாதுகாப்பாய் விரைக' என்று ஆக்கிய சாமர்த்தியம் அது. விளம்பர இலக்கியத்தில் அதனினும் சுருக்கமான வாசகத்தை நாம் கண்டதில்லை. ஆயினும் யாருடைய பாதுகாப்பு, யாருடைய விரைவு என்ற வினாவை டெய்லரின் மரணம் எழுப்புகிறது. வீரகதைகளோ அதைச் சாரதி ஒருவரின் வாழ்வில் நேர்ந்த துரதிர்ஷ்டமாக எழுதிச் செல்கின்றன.

டெய்லர் இறந்த அதே 1934 இற்றான் நுவரெலியாவுக்கு அருகே மகாகஸ்தோட்டையில் மலையேற்றப் பந்தயம் தொடங்கிற்று. தேயிலைச் செடிகளினூடே வளைந்தேறும் குறுகிய பாதையில் ஒவ்வொரு வண்டியாக ஏறி, எடுத்த நேரத்தை ஒப்பிடும் போட்டி அது. சித்திரை மாதக் கேளிக்கைகளுள் ஒன்றாக அது நிலைத்தது. எம்.ஜி.யின் டி-வரிசை வண்டிகளைக் கொழும்பின் பழைய வண்டி அணிவகுப்புகளில் இன்றும் காணலாம். எண்ணெய் பூசி, துடைத்து, பிள்ளை போற் பேணுகின்றனர். நம் மலையகக் கதைகளிலோ கார் என்பது பெரும்பாலும் பெரட்டுக் களத்தில் கேட்கும் ஒரு ஹார்ன் ஒலி மாத்திரமே. அதன் உள்ளே என்ஜின் உண்டு, அதைச் செய்தவனும் நம்மைப்போல் கூலிக்காரனே என்ற நினைப்பு நம் எழுத்தாளர்க்கு வராதது ஒரு குறையே.

1935 ஜூலையில் பொற்காலம் முடிந்தது. நஃபீல்ட் பிரபுவாகிவிட்ட மொறிஸ் தமது சொந்த உடைமையாயிருந்த எம்.ஜி. நிறுவனத்தை மொறிஸ் மோட்டார்ஸ் கம்பனிக்கு விற்றார். இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார் என்றே சொல்லலாம். பந்தயப் பிரிவு மூடப்பட்டது; வரைபடக்காரர் இடம் மாற்றப்பட்டனர். நான்கு சில்லும் தனித்தனி அசையும் ஆர்-வகை என்ற புதுமையான ஒற்றையிருக்கை வண்டி பத்தே செய்யப்பட்ட நிலையில் நின்றுபோயிற்று. வீரகதை மரபு இதனை 'வனவாச காண்டம்' ஆக்கி லெனார்ட் லோர்ட் என்ற நிர்வாகியைக் கைகேயி ஆக்குகிறது. நமக்கு அதில் உடன்பாடில்லை. முதலாளித்துவக் கணக்கேட்டில் பந்தயம் விளம்பரச் செலவு. செலவு வரவை மீறினால் கோடு கிழிக்கப்படும். கிம்பரே 1941 இல் வெளியேற்றப்பட்டார். யுத்தகால ஒப்பந்தமொன்றை மேலிடத்து அனுமதியின்றிப் பெற்றார் என்பது காரணம். இருபது ஆண்டுகள் அந்தப் பெயருக்காக வாழ்ந்தவரிடம் அந்தப் பெயரின் ஓர் எழுத்தும் சொந்தமாக இருக்கவில்லை. 1945 பெப்ரவரியில் லண்டன் கிங்ஸ் குரொஸ் நிலையத்தில் நேர்ந்த ரயில் விபத்தில் அவர் மாண்டார். வேகத்தை விற்றவர், நிலையத்தைவிட்டுப் புறப்பட்டு மெல்லப் பின்வழுக்கிய ரயிலில் இறந்தார்.

போட்டி நின்றாலும் சாதனை ஓட்டங்கள் நிற்கவில்லை. 1939 மே மாத இறுதியில், ஹிட்லரின் ஜெர்மனியில் டெசோ நகருக்கு அருகேயுள்ள நெடுஞ்சாலையில், கோல்டி கார்டினர் 1,100 கன சென்ரிமீற்றர் வகுப்பில் 203 மைலைக் கடந்தார். பின்னர் மெக்கானிக்குகள் என்ஜினைக் கழற்றாமலே உருளைகளை அகலக் குடைந்து அடுத்த வகுப்புக்குத் தகுதியாக்க, ஜூன் 2 இல் அதிலும் சாதனை நிலைநாட்டப்பட்டது. மூன்று மாதத்தில் யுத்தம் வந்தது. அபிங்டனில் தாங்கிகள் திருத்தப்பட்டன.

யுத்தத்தின்பின் கடனாளியான பிரித்தானியா, ஏற்றுமதி செய்வோருக்கே உருக்கு என்றது. அதனால் டி.சி. என்ற பழைய அச்சில் வார்த்த வண்டி பத்தாயிரமும், அதன்பின் டி.டி. முப்பதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் செய்யப்பட்டு, பின்னதன் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறிற்று. எம்.ஜி.யைப் பொறுத்தவரை இக்காலம் வியாபார வெற்றி, கலைநோக்கில் தேக்கம். 1955 இல் எம்.ஜி.ஏ. வந்தபின்னரே உருவம் புதிதாயிற்று. அதன் முன்மாதிரி வண்டிகள் மூன்று அவ்வாண்டு ஜூனில் லெ மான் இருபத்துநான்கு மணிப் போட்டிக்கு அனுப்பப்பட்டன. இரண்டு வண்டிகள் 12 ஆம், 17 ஆம் இடங்களைப் பெற்றன. மூன்றாவது கவிழ்ந்து அதன் சாரதி படுகாயமுற்றார். ஆனால் அந்தப் போட்டியை உலகம் நினைவில் வைத்திருப்பது வேறு காரணத்துக்காக. மெர்சிடிஸ் வண்டியொன்று தடுப்பைத் தாண்டிப் பார்வையாளருள் விழுந்து எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். போட்டி நிறுத்தப்படவில்லை. எம்.ஜி. நூல்களில் அந்த 12 ஆம் இடம், எதிர்கால விற்பனை வண்டியின் உறுதிக்குச் சான்று.

அதன்பின் உப்புப் பாலைவனத்தில் ஸ்டேர்லிங் மொஸ் 1957 இல் 245 மைலும், பில் ஹில் 1959 இல் 254 மைலும் ஓட்டிய துளிவடிவ வண்டியைப் பற்றி விரிப்பதற்கில்லை. அது சாலை வண்டிக்குக் கற்பித்தது சொற்பம். 1962 இல் வந்த எம்.ஜி.பி.யே மக்கள் வண்டி. பதினெட்டு ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. லெ மானில் மூன்று முறை ஓடி மூன்று முறையும் முடித்தது. மொன்டி கார்லோ ரலியை வென்ற மினி வண்டிகளும் அபிங்டன் போட்டிப் பிரிவின் கைவண்ணமே. இவ்வளவும் செய்த ஆலையில், கடைசிவரை, விசையால் நகரும் ஒருங்கிணைப்பு வரிசை இல்லை என்பதை எத்தனை பேர் அறிவர்? ஆண்டுக்கு ஐம்பதினாயிரம் வண்டிகள் வெளிவந்த காலத்திலும் தொழிலாளர் ஒவ்வொரு வண்டியையும் கையால் தள்ளியே அடுத்த நிலைக்குக் கொண்டுசென்றனர். வேகத்தின் அவதாரம் என்று விற்கப்பட்ட பொருள் பிறந்தது மனிதன் நடக்கும் வேகத்தில்.

1979 செப்தெம்பரில் அபிங்டன் ஊர் தனது ஆலையின் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடிற்று. கொண்டாட்டம் முடிந்த கையோடு, 10 ஆம் திகதி திங்கட்கிழமை, ஆலை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. வேலைநிறுத்தங்களால் நலிந்த ஆலை அன்று அது. பிரித்தானிய லேலண்ட் குழுமத்துள் தொழில் அமைதிக்கும் உற்பத்திக்கும் பெயர்பெற்ற ஆலை. 'ஒழுங்காக உழைத்தால் வேலை நிலைக்கும்' என்று தொழிலாளிக்குப் போதிப்போர் அபிங்டனைப் பற்றி என்ன சொல்வர் என அறிய நமக்கு ஆவல். 1980 ஒக்தோபரில் கடைசி எம்.ஜி.பி. தள்ளிச் செல்லப்பட்டது.

வண்டி நின்றது, பெயர் நிற்கவில்லை. 1982 இல் அது சிறிய மெட்ரோ வண்டிமீது ஒட்டப்பட்டது. 1985 இல் அதே பெயரில் மூன்று லீற்றர் என்ஜின் கொண்ட 6ஆர்4 என்ற மூர்க்கமான ரலி வண்டி பிறந்தது. 2000 இல் நான்கு வியாபாரிகள் எம்.ஜி.றோவர் நிறுவனத்தைப் பத்துப் பவுண் கொடுத்து வாங்கினர். ஐந்தாண்டில் அது முறிந்தது. லோங்பிரிட்ஜ் ஆலையில் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் வேலையிழந்தனர். அந்நால்வரும் அவர்களது பிரதம நிர்வாகியும் சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் 42 மில்லியன் பவுண் எடுத்துக்கொண்டதை 2009 இல் அரசாங்க விசாரணை வெளியிட்டது. சீனத்து நான்ஜிங் ஸ்தாபனம் 2005 இல் பெயரையும் இயந்திரங்களையும் வாங்கிற்று. 2007 இல் அது ஷங்ஹாயின் சாயிக் குழுமத்தோடு இணைந்தது. 2014 இல் பிரித்தானியச் சாலைவண்டிப் போட்டியில் தயாரிப்பாளர் பட்டத்தை எம்.ஜி. வென்றபோது வீரகதையாளர் 'மறுபிறப்பு' என்று எழுதினர். இரண்டாண்டு கழித்து லோங்பிரிட்ஜில் எஞ்சியிருந்த ஒருங்கிணைப்பு வேலையும் நின்றது.

எசமானர் மாறுவதைப் பற்றி ஊவாவுக்கு எவரும் பாடம் புகட்டத் தேவையில்லை. ஸ்டேர்லிங் கம்பனிகளின் தோட்டங்கள் 1975 இல் அரசாங்கத்துக்கு மாறின. 1992 முதல் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. ஒவ்வொரு முறையும் ஆலையின் பெயர்ப்பலகையில் புது வர்ணம் பூசப்பட்டது. அபிங்டனில் பெயர் தப்பிற்று, தொழிலாளர் அகற்றப்பட்டனர். இங்கே பெயர்கள் போய்வந்தன, தொழிலாளர் அதே லயங்களில் விடப்பட்டனர். இரண்டும் ஒன்றல்ல, அபிங்டன்காரனுக்கு வாக்கும் வீடும் இருந்தன. ஆயினும் விலைபோவது பெயர்தான், உழைத்தவர்க்கு அதிற் பங்கில்லை என்ற விதி இரண்டிடத்தும் ஒன்றே.

பந்தயத்தின் செலவைச் சுமப்போர் பட்டியலில் மெக்கானிக்கும் ஆலைத் தொழிலாளியும் மாத்திரம் இல்லை. பார்வையாளரும் உண்டு என்பதை லெ மான் காட்டிற்று. 6ஆர்4 வண்டிக்குரிய 'பி குழு' ரலிப் போட்டி 1986 உடன் ஒழிக்கப்பட்டதற்கும் அவ்வாண்டு போர்த்துக்கலில் வேறொரு வண்டி கூட்டத்துட் பாய்ந்தது ஒரு காரணம். மூன்றாவது உதாரணம் பண்டாரவளைக்கு மிக அண்மையிலே உள்ளது.

தியத்தலாவையின் நரிமலை நமக்குத் தெரிந்த இடம். 'பொக்ஸ்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் 1913 இல் மலைச்சரிவிலே வரைந்த நரியுருவத்தால் அப்பெயர் வந்தது. அதற்கு முன்னர் தென்னாபிரிக்கப் போயர் கைதிகளை அடைத்து வைத்த ஊர் அது. இன்று இராணுவக் கலாசாலையின் ஊர். அங்கே சித்திரை மாதத்தில் நடைபெறும் மோட்டார்ப் பந்தயத்துக்கு அயல் தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் மக்கள் திரள்வர். அங்கு ஓடுவன பெரும்பாலும் யப்பானில் ஒருமுறை வாழ்ந்து முடித்து இங்கு வந்து, கராஜ்களில் பிரித்துக் கோர்க்கப்பட்ட வண்டிகள். ஒருவகையில் கிம்பரின் பழைய தந்திரமே இது. சாதாரண வண்டியின் எலும்பில் வேகத்தின் தசையைச் சேர்க்கும் கலையை நம் மெக்கானிக்குகளும் பயின்றிருக்கின்றனர். அவர்களது திறமை எந்த நூலிலும் இல்லை.

ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின்னர் 2024 ஏப்பிரல் 21 இல் அந்தப் பந்தயம் மீண்டும் நடந்தது. வண்டியொன்று தடத்தைவிட்டு விலகிக் கூட்டத்துட் பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மறுநாட் பத்திரிகைகளில் சாரதிகளின் கவனமின்மை பற்றியும் பார்வையாளரின் ஒழுங்கின்மை பற்றியும் பேசப்பட்டது. லெ மானில் எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் கற்ற பாடம், பார்ப்பவனுக்கும் ஓடும் வண்டிக்கும் இடையே எவ்வளவு தூரமும் எத்தகைய தடுப்பும் வேண்டும் என்ற பாடம், செலவு பிடிக்கும் பாடம். ஆசனம் வாங்கி அமர்வோருக்கு அது கிடைக்கிறது. மண்மேட்டில் நிற்பவருக்குக் கிடைப்பதில்லை.

தோர்ன்லியின் வழியைப் பின்பற்றி இலங்கையின் பந்தய வண்டிகளுக்கு யாரேனும் ஒருநாள் வம்சாவளி எழுதப் புகலாம். எழுதுக. மகாகஸ்தோட்டையின் நேரக் கணக்குகளும், என்ஜின்களின் கொள்ளளவும், வென்றவர் பெயர்களும் அதில் இருக்கட்டும். அவற்றோடு, தடத்தை வெட்டியவர் யார், வண்டியைக் கோர்த்தவர் யார், அந்த ஏப்பிரல் மாலையில் மேட்டில் நின்றவர்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தனர் என்பதும் சட்ட இலக்கங்களைப் போலவே தவறாது பதியப்படவேண்டும் என்று நாம் கேட்கிறோம்.